வாசகர் வராத பதிவு: கோளாறு பொருளிலா, தலைப்பிலா?

"நன்றாகத்தான் எழுதுகிறேன், யாரும் படிக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் படிக்காமல் போகிறார்கள்? பதிவு அவர்கள் கண்ணிலேயே படவில்லையா? பட்டும் திறக்கவில்லையா? திறந்துவிட்டு உடனே வெளியேறுகிறார்களா? முழுவதும் படித்துவிட்டு மறுபடி வராமல் இருக்கிறார்களா? நான்கும் வேறு வேறு கோளாறுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக "கவர்ச்சியான தலைப்பு வையுங்கள்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுதுகிறவரும் தலைப்பை மாற்றி மாற்றிப் போட்டே களைத்துப்போகிறார்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்குண்டு. எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதையும் தலைப்பு என்கிறோம்; பதிவின் உச்சியில் போடும் வரியையும் தலைப்பு என்கிறோம். இங்கே முன்னதைப் பொருள் என்றும், பின்னதை மட்டும் தலைப்பு என்றும் சொல்லப்போகிறேன். பொருள் பிசகியிருந்தால் தலைப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. பொருள் சரியாக அமைந்துவிட்டால் சுமாரான தலைப்பே போதும்.

உதாரணங்களுக்குத் தொட்டிச் செடி வளர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக நான் எழுதிவரும் துறை அது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

கோளாறு பொருளில்தான் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி சர்ச் கன்சோல். அதன் மேற்பகுதியில் ஒரு பெட்டி இருக்கிறது. பதிவின் முகவரியை அதில் ஒட்டினால், அந்தப் பக்கம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இல்லை என்று வந்தால் பொருளைக் குறைசொல்ல எதுவுமில்லை. கடை திறக்கவே இல்லை என்று அர்த்தம். வேர்ட்பிரஸில் எழுதுபவர்கள் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும்போது போட்டுவைத்த டிக் அது. கட்டி முடித்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். நண்பர் ஒருவர் எட்டு மாதம் விதவிதமான பொருள்களில் எழுதிப் பார்த்துவிட்டு, தமக்கு எழுத்தே வரவில்லை என்ற முடிவுக்கே வந்திருந்தார். அவருடைய எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த டிக் ஒன்றுதான்.

பதிவு புதிதென்றால் பொறுங்கள். ஒரு பக்கத்தை வந்து பார்க்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது.

அறிகுறி: பட்டியலில் இருக்கிறது, ஆனால் யாருக்குமே காட்டப்படவில்லை

சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் இம்ப்ரெஷன் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால் நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள். இம்ப்ரெஷன் என்பது யாரோ எதையோ தேடியபோது உங்கள் பக்கமும் முடிவுகளில் வந்து நின்றது என்பதற்கான கணக்கு. அது இல்லையென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

அந்தக் கேள்வி யாருக்குமே எழாமல் இருக்கலாம் என்பது முதலாவது. என் ஆரம்பகாலப் பதிவு ஒன்றுக்கு "பசுமையின் மகத்துவம்" என்று பெயர். வரி வரியாகச் செதுக்கி எழுதினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: உலகத்தில் எவராவது இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுத்து, பசுமையின் மகத்துவத்தைத் தேடியிருப்பாரா? அது பேச்சுப்போட்டிக்குரிய பொருள். பேச்சுப்போட்டியில் கேட்பவர்களை முன்கூட்டியே உட்காரவைத்திருப்பார்கள். இணையத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அவரவருக்கு ஒரு சிக்கல் வந்தால்தான் வருகிறார்கள்.

சிக்கல் எப்படியிருக்கும்? ஒருவர் தொட்டியருகே குனிந்து நிற்கிறார். நேற்றுவரை பச்சையாக இருந்த இலை இன்று மஞ்சளாக இருக்கிறது. கைப்பேசியில் "செடி இலை மஞ்சள்" என்று தட்டுகிறார். இதையே நீங்களும் தேடல் பெட்டியில் தட்டிவிட்டு, என்டரை அழுத்தாமல் நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகளைப் பாருங்கள். மற்றவர்கள் உண்மையாகத் தேடிய சொற்களை வைத்துத்தான் அவை வருகின்றன. பிறகு முடிவுப் பக்கத்துக்குப் போய், மக்கள் கேட்கும் பிற கேள்விகள் என்று வரும் பெட்டியையும் விரித்துப் பாருங்கள்.

இதோடு நிறுத்திவிட்டு "இலை மஞ்சளாவது ஏன்" என்று ஒரே பதிவாக எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். தொட்டியருகே நிற்பவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இலை? அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்கு அனுப்பச் செடியால் முடியும், அதனால் பாதிப்பு அடியில் தெரிகிறது. நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பை அப்படி இடம்மாற்றச் செடியால் முடியாது. செடி முழுவதும் வெளுத்து, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். ஒரே பொருளாகத் தெரிந்தது மூன்றாகப் பிரிந்துவிட்டது. மூன்றின் பின்னாலும் ஒவ்வொரு ஆள் நிற்கிறார், ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலையும் வேறு.

எழுதலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இந்தப் பதிவைத் தேடி வருகிறவர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் பொருள் இன்னும் பழுக்கவில்லை.

உங்கள் சொல்லும் அவர் சொல்லும் ஒன்றாக இல்லாமல் போவது இரண்டாவது காரணம். மேலே நான் தழைச்சத்து என்று எழுதினேன். வேளாண்மை நூல்களில் பழகிய சொல் அது. ஆனால் உரப் பையின் மேல் நைட்ரஜன் என்று படித்தவர் நைட்ரஜன் என்றுதான் தேடுவார். இன்னொருவர் யூரியா என்று தேடுவார். தமிழில் எழுதுபவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. வலைப்பூ, வலைப்பதிவு, பிளாக், ப்ளாக் என்று ஒரே பொருளுக்கு நாலு எழுத்துக்கோவை. தூய சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைப்பில் வாசகரின் சொல் இருக்கட்டும். உள்ளே உங்கள் சொல்லையும் அறிமுகப்படுத்துங்கள். அந்தப் பதிவை விட்டு வெளியேறும்போது அவருக்குத் தழைச்சத்தும் தெரிந்திருக்கும்.

எது அதிகம் தேடப்படுகிறது என்று சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கூகுள் டிரெண்ட்ஸ் உதவும். ஒரே நேரத்தில் பல சொற்களைப் போடலாம். 2004 முதல் தரவு இருக்கிறது. ஆனால் அதில் வரும் எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று பொருளல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் தேடல் உச்சத்தில் இருந்த புள்ளியை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். 0 என்றாலும் யாருமே தேடவில்லை என்று பொருளல்ல. கணக்குப் போடப் போதுமான தரவு இல்லை என்று பொருள். நுணுக்கமான தமிழ்ச் சொற்களுக்கு இந்த 0 அடிக்கடி வரும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பொருள் மிகப் பெரிதாக இருப்பது. "செடி வளர்ப்பது எப்படி" என்று எழுதினால் கலைக்களஞ்சியங்களோடும் பெரிய நிறுவனங்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் மட்டும் பார்த்த, நீங்கள் மட்டும் கெடுத்துச் சரிசெய்த அளவுக்குப் பொருளைக் குறுக்குங்கள். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் எழுதுபவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். அதற்காக எழுத வேண்டும் என்பதில்லை. நேரடியாகப் பட்டவர் எழுதியதைப் படிக்கும் வாசகருக்கே வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: தேடலில் வருகிறது, ஆனால் யாரும் கிளிக் செய்யவில்லை

இங்கே வந்ததும் கை தலைப்பை நோக்கிப் போகும். சர்ச் கன்சோலின் அதே அறிக்கையில் சராசரி இடம் என்று ஓர் எண் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். உங்கள் பதிவு சராசரியாக முப்பதாவது இடத்தில் கிடந்தால், தேடுகிறவர் அவ்வளவு தூரம் வந்து தலைப்பைப் படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. படிக்காத தலைப்பை மாற்றி என்ன ஆகப்போகிறது? அது முந்தைய அறிகுறியின் நீட்சி. பொருளைக் குறுக்குங்கள், பதிலை ஆழப்படுத்துங்கள். எட்டாவது, ஒன்பதாவது இடத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. முடிவுப் பக்கம் திறந்தாலே இம்ப்ரெஷன் கணக்கில் ஏறிவிடும். தேடியவர் அதுவரை உருட்டிப் பார்த்தாரா என்பது கணக்கில்லை.

மேலே இருந்தும் கிளிக் இல்லையென்றால், தேடுகிறவரின் நோக்கத்துக்கும் உங்கள் பொருளுக்கும் இடையில் விரிசல் இருக்கலாம். ஆண்ட்ரேய் பிராடர் என்ற ஆய்வாளர் 2002-இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. வாங்குவதும் பதிவிறக்குவதும் மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. "மண்புழு உரம்" என்று தேடிப் பாருங்கள். முதல் பக்கம் முழுக்க விற்பனைத் தளங்களாக இருந்தால், தேடுகிறவர் பையைத் தேடுகிறார், பாடத்தைத் தேடவில்லை. மண்புழு உரத்தின் வரலாறு பற்றிய உங்கள் அருமையான கட்டுரை அங்கே கல்யாண வீட்டில் கணக்கு வாத்தியார் மாதிரி நிற்கும். "மண்புழு உரம் ஒரு தொட்டிக்கு எவ்வளவு போடலாம்" என்று நகர்ந்தால், பையை வாங்கிவந்து அதைப் பிரித்துவைத்திருப்பவர் உங்களிடம் வருவார்.

இன்னொரு வகை இருக்கிறது, கவனிக்காமல் விட்டுவிடுவோம். முடிவுப் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடும் கேள்விகள். ஒரு தேதி, ஓர் அளவு, ஒரு பெயர். பதில் ஒரே வரியில் முடிந்துவிட்டால் உள்ளே வர அவருக்கு என்ன வேலை? "அது இடத்தைப் பொறுத்தது" என்று பதிலைத் தொடங்க வேண்டிய கேள்விகளாகப் பொறுக்குங்கள். எதைப் பொறுத்தது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும், அவரும் கேட்க வேண்டியிருக்கும்.

நோக்கமும் பொருந்தி, இடமும் மேலே இருந்து, அப்படியும் கிளிக் இல்லையென்றால்தான் தலைப்பு குற்றவாளி. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளியல் அறிஞர் 1994-இல் ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதினார்: நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி தென்படும்போது. இடைவெளி தென்பட வேண்டுமானால் இரண்டு கரையும் தெரிய வேண்டும். மூன்று தலைப்புகளைப் பாருங்கள்.

"செடி பராமரிப்பு: சில குறிப்புகள்." இதில் இடைவெளியே இல்லை.

"செடிகள் பற்றி நீங்கள் அறியாத அதிர்ச்சி உண்மை!" இதில் தெரிந்த கரை இல்லை. எதைப் பற்றிய உண்மை என்றே புரியாதபோது ஆர்வம் வருவதில்லை, எரிச்சல் வருகிறது.

"தண்ணீர் ஊற்றியும் செடி வாடுவது ஏன்?" தண்ணீர் ஊற்றினேன் என்பது வாசகருக்குத் தெரிந்தது. வாடக்கூடாது, ஆனால் வாடுகிறது. இரண்டு கரையும் தெரிகிறது. காரணமும் நல்ல காரணம்: நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகி, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாமல் போகிறது. கேட்டதும் "அட" என்று சொல்லவைக்கும் பதில் கையில் இருந்தால் தலைப்பு தானாக வரும். பதில் சப்பையாக இருக்கும்போதுதான் ஆச்சரியக்குறி தேவைப்படுகிறது.

ஒன்று மட்டும்: தலைப்பையும் பொருளையும் முகவரியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், நான்கு வாரம் விடுங்கள், முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது, அவசரமில்லை.

அறிகுறி: வருகிறார்கள், வந்த வேகத்தில் போகிறார்கள்

எதை வைத்து வேகம் என்கிறீர்கள்? தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இன் கணக்கில், ஒருவர் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த செயல் ஒன்றைச் செய்தாலோ ஈடுபாட்டுடன் வந்தவராகச் சேர்க்கப்படுவார். மூன்றும் இல்லாதவர்களின் விகிதம்தான் பவுன்ஸ் ரேட். எனவே நாற்பது விநாடியில் பதிலைப் படித்துவிட்டுத் தொட்டியிடம் திரும்பிப் போனவர் உங்களை ஏமாற்றிவிட்டுப் போகவில்லை. அவருக்கு வேலை முடிந்தது. அந்தப் பதிவைத் தொடாதீர்கள்.

பத்து விநாடிக்குள் போகிறவர்கள்தான் கவலை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கம் ஒன்றைத் திறந்தவர்களில் 79 சதவீதத்தினர் கண்ணால் மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதத்தினர்தான். கைப்பேசி யுகத்தில் நாம் திருந்திவிட்டதாகத் தெரியவில்லை. அப்படி மேய்கிறவர் முதல் திரையில் தன் கேள்வியின் வாலையாவது பார்க்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஆதி மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இதை நடைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலும் இதுவும் பொருள் கோளாறுதான். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தவர், முதல் மூன்று பத்திகளில் தன் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வாசகர் அந்தத் தேடலைக் கூட நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் முதல் மூன்று பத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். எந்த வரியில் உங்களுக்கே சூடு பிடிக்கிறதோ அதுதான் உண்மையான தொடக்கம். பல நேரம் அந்த வரி காட்டும் பொருள், தலைப்பில் எழுதியிருக்கும் பொருளாக இருக்காது.

"வெயில் காலத்தில் செடி பராமரிப்பு" என்று நான் எழுதிய பதிவு ஒன்று இப்படித்தான் படுத்துக் கிடந்தது. நான்காவது பத்தியில் ஒரு வரி: "மதியம் தலை தொங்கிய செடியைப் பார்த்ததும் குவளையைத் தூக்காதீர்கள், மாலையில் நிமிர்கிறதா என்று பாருங்கள்." கடும் வெயிலில் இலை வழியே வெளியேறும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் செடி தற்காலிகமாக வாடும், வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். மேலேயிருந்த மூன்று பத்திகளையும் வெட்டி எறிந்தேன். "மதியம் வாடும் செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றலாமா?" என்று பெயரை மாற்றினேன். நான் எழுத உட்கார்ந்தது அதைத்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அறிகுறி: ஒரே ஒரு பதிவு ஓடுகிறது, மற்றவை தூங்குகின்றன

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான். ஓடும் பதிவைச் சர்ச் கன்சோலில் தனியாகத் திறந்து, எந்தெந்தச் சொற்களுக்காக அது காட்டப்பட்டது என்ற பட்டியலைக் கீழ்வரை படியுங்கள். மேலே இருப்பவை உங்களுக்குத் தெரிந்தவை. புதையல் கீழ்ப்பாதியில். உங்கள் பதிவில் பதிலே இல்லாத கேள்விகளுக்காகவும் அது அங்கங்கே தலைகாட்டியிருக்கும். "மஞ்சள் இலையை வெட்டிவிடலாமா?" என்று யாரோ கேட்டிருப்பார், நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அது அடுத்த பதிவு.

வந்தவர் இதற்கு முன் என்ன கேட்டிருப்பார், இதைப் படித்துச் செய்து பார்த்தபின் என்ன கேட்பார் என்றும் யோசியுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் எழுதி, மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், திரும்பி வராத வாசகர் என்ற சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். ஆனால் அதே பதிலைப் பத்து விதமாக மாற்றி எழுதி அரைத்த மாவையே அரைக்காதீர்கள். அப்படிச் செய்தால் வரும் கோளாறு அடுத்தது.

அறிகுறி: இரண்டு பதிவுகள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன, இரண்டும் ஏறுவதில்லை

ஒரே கேள்விக்கு உங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். நல்லதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதிலிருந்து உருப்படியானதை அதில் சேருங்கள், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் போடுங்கள். அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பழைய இணைப்பைப் பிடித்து வருகிறவர் சுவரில் முட்டிக்கொள்வார்.

அறிகுறி: ஒரு வாரம் பிய்த்துக்கொண்டு ஓடியது, பிறகு செத்துவிட்டது

அந்தச் சொல்லை டிரெண்ட்ஸில் ஐந்தாண்டு அளவில் பாருங்கள். கோடு ஒரே ஓர் ஊசியாக எழுந்து விழுந்திருந்தால் அது செய்தி. மறுபடி வராது, விட்டுவிடுங்கள். சீப்பின் பற்கள்போல ஆண்டுதோறும் எழுந்தால் பருவம், செத்துவிடவில்லை, தூங்குகிறது. அடுத்த பல் எழுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அதே பதிவைப் புதுப்பித்து வையுங்கள். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் இருந்தால் இதற்கு வசதி.

அறிகுறி: படிக்கிறார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. இணையக் குழுக்களில் 90 சதவீதத்தினர் வெறுமனே படிப்பவர்கள், 9 சதவீதத்தினர் எப்போதாவது பேசுபவர்கள், 1 சதவீதத்தினரே அதிகம் பேசுபவர்கள் என்று அதே நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். வலைப்பதிவுகளில் நிலைமை இன்னும் மோசம் என்பது அவர் கருத்து. எனவே நூறு பேர் படித்து ஒருவரும் பேசாவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் வந்தும் மௌனம் நீடித்தால், பொருளை நீங்கள் எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாசகருக்குச் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை. உங்களுக்கே தெளிவாகாத இடத்தையும் நீங்கள் தோற்ற இடத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். கடைசியில் "உங்கள் மேலான கருத்துகளைப் பகிருங்கள்" என்று எழுதினால் யாருக்கும் கருத்து வராது. "உங்கள் தொட்டியில் முதலில் மஞ்சளானது அடி இலையா, நுனி இலையா?" என்று கேட்டால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

அறிகுறி: கூட்டம் வருகிறது, ஆனால் அது உங்கள் கூட்டம் இல்லை

ஊரெல்லாம் பேசும் விஷயத்தைப் பிடித்து ஒரு பதிவு எழுதினீர்கள். வந்து குவிந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அடுத்த பதிவுக்கு வரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி மறுபடி அதையே செய்தால், மூன்றாவது மாதத்தில் தளம் எதைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியாது. 2022 ஆகஸ்டில் பயனுள்ள உள்ளடக்கம் என்ற பெயரில், தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அதைத் தன் மைய அமைப்போடு கலந்துவிட்டது. எழுதுபவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை என்று அது கொடுத்த பட்டியலில், பரபரப்பாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறீர்களா என்ற கேள்வியும் உண்டு. இந்த இடத்தில் தேடுபொறியும் நானும் ஒரே கட்சி.

அறிகுறி: எழுதப் பொருளே இல்லை

இது வாசகர் பக்கத்துக் கோளாறு இல்லை, எழுதுபவர் பக்கத்துக் கோளாறு. "வலைப்பதிவுக்கு நூறு யோசனைகள்" என்ற மாதிரியான பட்டியல்களைத் தேடிப் போகாதீர்கள். அதே நூறையும் இன்னும் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொருள் கிடைக்கும் இடங்கள் வேறு.

ஒரே கேள்விக்கு இரண்டாவது முறை பதில் சொல்ல நேர்ந்தால் அது பதிவு. முதல் முறை சொன்னது தனிப்பட்ட உதவி. இரண்டாவது ஆள் வந்துவிட்டார் என்றால் மூன்றாவது ஆளும் எங்கோ இருக்கிறார். கைப்பேசியில் உங்கள் சொந்தத் தேடல் வரலாற்றைத் திறந்து பாருங்கள்: போன மாதம் நீங்கள் எதைத் தேடி, நாலு பக்கம் புரட்டியும் கிடைக்காமல் கடைசியில் கையாலேயே கண்டுபிடித்தீர்கள்? அது தங்கம். மூன்று ஆண்டுக்கு முன் ஆணித்தரமாகச் சொல்லி இப்போது மாற்றிக்கொண்ட கருத்து ஒன்று இருக்கும். வெட்கத்தை விட்டால் அதுவும் பொருள். மற்றவர்களின் வழிமுறைகளில் "பிறகு நன்றாகக் கலக்கவும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்களே, அந்த ஒரு வரியில்தான் எல்லோருக்கும் கெட்டுப்போகிறது. அங்கே நின்று எழுதுங்கள்.

இவற்றைப் பிடித்துவைக்க நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு விதி: ஒற்றைப் பெயர்ச்சொல்லாக எதையும் எழுதக்கூடாது. "வேர்" என்று மட்டும் குறித்துவைத்தால், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது எனக்கே எதுவும் நினைவுக்கு வராது. யார், எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் கேட்டார் என்று மூன்றும் இருக்க வேண்டும். சொற்களைத் திருத்துவதில்லை, அவர் கேட்டபடியே எழுதுகிறேன். தலைப்பு வைக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

கடைசியாக எழுதியிருப்பது இது: "தொட்டிக்கு அடியில் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்துவிட்டது, வெட்டிவிடவா?" கேட்டவர் ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் கத்தரிக்கோலுமாக நின்றுகொண்டிருந்தார். வெட்ட வேண்டாம், இதைவிடப் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறதா பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு பெரியது என்று கேட்டார். அதை இரண்டாவது பதிவாகக் குறித்துவைத்திருக்கிறேன்.